விடுதியில் நாப்கின்: கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டுமா?

மருதத்திணை (இழையைத் தொடங்கியவர்)

அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். இந்தப் பருவத்திலிருந்து மகளிர் நலக் குழுவின் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மாணவிகளின் மாதவிடாய்த் தேவைகளைப் பற்றி முதல்வரிடம் ஒரு மனு கொடுக்கப்போகிறேன். அதில் எதைக் கேட்பது, எப்படிக் கேட்டால் நடக்கும் என்று பேசத்தான் இந்த இழை.

எங்கள் மாணவிகளில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள். வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்கள்தான். பள்ளியில் படித்தவரை புதுயுகம் திட்டத்தில் நாப்கின் கிடைத்துக்கொண்டிருந்தது. தமிழக அரசு 2011-ல் அறிவித்த திட்டம் அது. 10 முதல் 19 வயது வரையிலான பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், ஆண்டுக்கு 18 பாக்கெட், ஒரு பாக்கெட்டில் 6 நாப்கின். கணக்குப் போட்டால் மாதத்துக்கு 9. அதுவே போதாதுதான், ஆனாலும் அது ஒரு பிடிமானம்.

கல்லூரிக்கு வந்ததும் அது கைவிட்டுப் போகிறது. முதலாமாண்டு மாணவிக்கு வயது 18 தான். காகிதத்தில் இன்னும் தகுதி இருக்கிறது. ஆனால் கொடுக்கிற கை பள்ளி ஆசிரியையின் கை, கிராம சுகாதாரச் செவிலியரின் கை, அங்கன்வாடிப் பணியாளரின் கை. ஊரைவிட்டு வந்து விடுதியில் தங்கிய பெண் இந்த மூவரில் யாரையும் பார்ப்பதில்லை. எல்லாம் இலவசம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்கும், அவள் நிற்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது.

எங்கள் விடுதியில் நாப்கினே இல்லை என்று சொல்ல முடியாது. காப்பாளர் அறையில் ஓர் அலமாரியில் இருக்கிறது. ஆனால் பதிவேட்டில் பெயர், பதிவு எண், தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அறையின் வாசலில்தான் காவலாளியும் மெஸ் ஊழியர்களும் நிற்பார்கள். போன ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். பல மாதங்களுக்கு ஒரு கையெழுத்துகூட இல்லை. "யாருக்கும் தேவைப்படவில்லை" என்று அலுவலகம் அதற்குப் பொருள் சொல்கிறது. அதே மாதங்களில் பிள்ளைகள் ஒரே நாப்கினைக் காலையிலிருந்து மாலைவரை வைத்திருந்தார்கள், பழைய துணியை மேலே மடித்து வைத்துச் சமாளித்தார்கள், கழிப்பறைக்குப் போகவேண்டிவரும் என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். இதையெல்லாம் அவர்களே என்னிடம் சொன்னார்கள்.

என் எண்ணம் இதுதான்: பொருள் இல்லாமல் போவது பாதித் துன்பம், அதைக் கேட்டு நிற்க வேண்டியிருப்பது மீதித் துன்பம். மனுவில் முதல் வரியே "பதிவேட்டை எடுத்துவிடுங்கள்" என்று இருக்க வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

—

காவிரிக்கரை செல்வராசு

அம்மா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய திட்டம். என் மகளும் வாங்குகிறாள். அதில் நூறு ரூபாய் எடுத்து வாங்கிக்கொள்ளலாமே? கல்லூரி தனியாக எதற்குச் செலவழிக்க வேண்டும்? பதிவேடு இல்லாவிட்டால் மொத்தத்தையும் ஒருவரே அள்ளிக்கொண்டு போக மாட்டார்களா?

—

வெண்ணிற மேகம்

செல்வராசு ஐயா, நான் வேதியியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். நானும் அந்த 1,000 ரூபாய் வாங்குகிறேன். அது இல்லாவிட்டால் படிப்பை நிறுத்தியிருப்பார்கள். ஆனால் அது எங்கே போகிறது என்று சொல்லட்டுமா? மெஸ் பாக்கி, ஆய்வகக் குறிப்பேடு, நகல் எடுக்கும் செலவு, தேர்வுக் கட்டணம். எங்கள் அறையில் உள்ள ஒருத்தி அதில் பாதியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். தம்பிக்குப் பள்ளிச் சீருடை, அம்மாவின் சுய உதவிக் குழுத் தவணை. வீட்டில் ஒரு தேவை இருக்கும்போது தனக்கென்று நாப்கின் வாங்க அவளுக்கு மனம் வராது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவளே தன்னைக் கடைசியில் நிறுத்திக்கொள்கிறாள்.

எனக்கு இரண்டாம் நாள் நிறையப் போகும். இரவில் பெரிய நாப்கின் தேவை. எங்கள் தெருமுனைக் கடையில் பெரிய அளவு 7 இருக்கும் பாக்கெட் 80 ரூபாய்க்குக் குறைந்து கிடையாது. ஒரு சுற்றுக்கு அது ஒன்று, சாதாரணம் இரண்டு, வலிக்கு மாத்திரை என்று போனால் 200 ரூபாயைத் தொட்டுவிடும். 1,000 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கு.

பதிவேட்டைப் பற்றி அக்கா சொன்னது எங்கள் விடுதியிலும் அப்படியேதான். கூடுதலாக ஒன்று: இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள். வெளியே போய் வாங்கலாம் என்றால் அவுட்பாஸ் கிடைக்காது. நடு இரவில் வந்துவிட்டால் அறை அறையாகத் தட்டிக் கேட்பதுதான் வழி. தோழிகள் கொடுப்பார்கள், அதில் குறையே இல்லை. ஆனால் கொடுப்பவளும் எண்ணி எண்ணித்தான் வைத்திருக்கிறாள்.

—

மருத்துவர் கயல்

அரசு மருத்துவமனையில் மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவில் இருக்கிறேன். கல்லூரி மாணவிகள் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் தாமதமாகிவிட்டிருக்கிறது.

வெண்ணிற மேகம், "நிறையப் போகும்" என்று எழுதியிருக்கிறாய். அதை அப்படியே விட்டுவிடாதே. ஒரு சுற்றில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிக உதிரப்போக்கு என்று புத்தகம் சொல்லும். வீட்டில் யாரும் அளக்க முடியாது. எனவே இப்படிப் பார்: ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறதா, ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா, பெரிய நாணயத்தைவிடப் பெரிதாகக் கட்டி கட்டியாக வருகிறதா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா. இதில் ஏதாவது இருந்தால் புறநோயாளிப் பிரிவுக்கு வந்து ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. பாதிக்கு மேல். வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று திட்டு வாங்கும் பெண்ணுக்கு உண்மையில் இரும்புச்சத்துப் பற்றாக்குறையாக இருக்கலாம். சிலருக்கு இரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறைபாடு இருந்து, அது முதன்முதலில் மாதவிடாயில்தான் வெளியே தெரியும்.

வலி பற்றி. கருப்பைச் சுவரில் சுரக்கும் புரோஸ்டகிளான்டின் என்ற வேதிப்பொருள் கருப்பையை இறுக்குவதால் வருவது அது. மாத்திரை அந்தச் சுரப்பையே குறைக்கிறது. ஆகவே தாங்க முடியாமல் சுருண்டு விழுந்த பிறகு போடுவதைவிட, தொடங்கும்போதே, சாப்பிட்ட பிறகு போடுவது நல்லது. நம் ஊரில் மெஃபனாமிக் அமிலம் கலந்த மாத்திரையை மிட்டாய் போலக் கைமாற்றுகிறார்கள். 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் அதனால் அரிதாக வரும் கடுமையான ஒவ்வாமை பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. போட்ட பிறகு காய்ச்சலும் உடலில் தடிப்பும் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். வயிற்றுப் புண், ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் போடவே கூடாது. மாத்திரைக்கும் அடங்காத வலி மாதாமாதம் வந்தால் அது எண்டோமெட்ரியோசிஸாக, அதாவது கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோயாக இருக்கக்கூடும். இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது உண்டு. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் அந்தப் பெண்ணின் ஆண்டுகளைத் திருடுகிறார்கள்.

நாப்கினை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். கல்லூரி நாளோ காலை எட்டு மணிப் பேருந்தில் தொடங்கி மாலை ஐந்தில் முடிகிறது. நடுவில் மாற்ற ஓர் இடம் இல்லையென்றால் நாப்கினை மட்டும் இலவசமாகக் கொடுத்துப் பயன் இல்லை.

—

வன்னிக்காற்று

நான் யாழ்ப்பாணத்தில் படிக்கிறேன், சொந்த இடம் முல்லைத்தீவு. எங்கள் பக்கத்து நிலையையும் சொல்கிறேன்.

இலங்கையில் இறக்குமதியாகும் துவாய்களுக்கு (நாப்கினை இங்கே அப்படித்தான் சொல்வோம்) 2018 செப்டம்பர் வரை எல்லா வரியும் சேர்ந்து 101.2 வீதம். பொருளின் விலையைவிட வரி அதிகம். பிறகு 62.6 வீதமாகக் குறைந்தது. இன்னும் குறையும் என்று காத்திருந்தபோது 2022 பொருளாதார நெருக்கடி வந்து விலை ஒரேயடியாக ஏறிவிட்டது. அந்த ஆண்டு விடுதியில் இருந்த அக்காமார் சொல்வார்கள், எரிவாயு வரிசை, பாண் (ரொட்டி) வரிசை எல்லாவற்றையும் வெளியே பேசினார்கள், இதை மட்டும் யாரும் பேசவில்லை என்று. 2024 ஜனவரியில் வற் வரி (மதிப்புக்கூட்டு வரி) 18 வீதமானபோதும் துவாய்க்கு விலக்குத் தரவில்லை.

அதே 2024-ல் பின்தங்கிய பாடசாலைகளிலும் தோட்டப் பாடசாலைகளிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு 1,200 ரூபாய் வவுச்சர் கொடுத்தார்கள். நல்ல விடயம். என் தங்கச்சிக்குக் கிடைத்தது. எனக்கு இல்லை, ஏனென்றால் நான் பல்கலைக்கழகம் வந்துவிட்டேன். மருதத்திணை அக்கா சொன்ன அதே பள்ளம் இங்கேயும் இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் மகாபொல புலமைப்பரிசில் 2025-ல்தான் 5,000-லிருந்து 7,500 ரூபாயானது. அதற்குள் சாப்பாடு, பஸ், போட்டோப்பிரதி எல்லாம்.

எங்கள் தேவையில் இன்னொரு பக்கமும் உண்டு. போரில் தகப்பனை இழந்த குடும்பங்கள் பல. அம்மா தனியாகக் கூலி வேலைக்குப் போய்ப் படிப்பிக்கிறார். அந்த அம்மாவிடம் தொலைபேசியில் "துவாய் வாங்கக் காசு அனுப்புங்கோ" என்று கேட்பதற்கு எந்தப் பிள்ளைக்கும் நா எழாது.

—

மருதத்திணை

வன்னிக்காற்று, எழுதியதற்கு நன்றி. செல்வராசு ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். "அள்ளிக்கொண்டு போவார்கள்" என்ற பயம் அலுவலகத்திலும் இருக்கிறது. முதல் வாரம் அப்படி நடக்கலாம். பத்து எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொள்பவள், நாளை இருக்காது என்று பயப்படுகிறவள். நாளையும் இருக்கும் என்று தெரிந்துவிட்டால் ஏன் பதுக்கப்போகிறாள்? கழிப்பறைக் குழாய்த் தண்ணீரை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

செலவையும் பார்த்துவிடுவோம். மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் சுவிதா நாப்கின் 2019 ஆகஸ்ட் முதல் ஒன்று ஒரு ரூபாய். ஆயிரம் மாணவிகளுக்கு மாதம் ஆளுக்குப் பன்னிரண்டு என்றால் 12,000 ரூபாய். மாவட்டத்து மகளிர் சுய உதவிக் குழுவிடம் வாங்கினால் கூடும். ஆனாலும் ஒரு கல்லூரி ஆண்டுவிழாவின் பந்தல் செலவை நெருங்காது. பெற்றோர் ஆசிரியர் கழக நிதியும் முன்னாள் மாணவர் சங்கமும் இருக்கின்றன. கோயம்புத்தூரில் அருணாச்சலம் முருகானந்தம் உருவாக்கிய, நாப்கின் செய்யும் எளிய இயந்திரம் நாடு முழுக்கப் போனது. அது பிறந்த மாநிலத்தில் கல்லூரிக் கழிப்பறையில் ஒரு பெட்டி வைக்க நாம் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஆறவில்லை.

—

பனிமூட்டம்_கிளாஸ்கோ

நான் இங்கே முதுகலை படிக்கிறேன், ஊர் திருநெல்வேலி. ஸ்காட்லாந்தில் 2018-லிருந்தே பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகங்களில் இலவசம். பிறகு மோனிகா லெனன் என்ற ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதா சட்டமாகி, 2022 ஆகஸ்ட் 15 முதல் தேவைப்படும் எல்லோருக்கும் இலவசமாகத் தர வேண்டியது உள்ளாட்சிகளின் கடமையானது.

நான் பார்த்தது: கழிப்பறைக்குள் கைகழுவும் இடத்தின் பக்கத்தில் ஒரு கூடை. நாப்கின், டாம்பன் (உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருள்) இரண்டும் இருக்கும். பூட்டு இல்லை, கேமரா இல்லை, கேள்வி இல்லை. யாரும் அள்ளிக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை. வந்த புதிதில் ஒன்றை எடுக்கவே எனக்குக் கை கூசியது. ஊரில் கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்துப் பழகிய கை இது. சில வாரங்களில் அந்தக் கூச்சம் போய்விட்டது.

—

நகராட்சி ஓய்வு பொறியாளர்

எல்லோரும் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். பயன்படுத்திய பின் அது எங்கே போகிறது என்பதைப் பற்றி நான் பேச வேண்டும். நாப்கின் அடைத்த கழிவுநீர்க் குழாயைத் திறக்கும்போது உடன் நின்றவன் நான். அதைக் கையால் எடுக்கிறவர்களின் முகம் எனக்குத் தெரியும்.

கழிப்பறையில் மூடியுள்ள குப்பைத்தொட்டி இல்லாவிட்டால் பெண்கள் வேறு என்ன செய்வார்கள்? ஜன்னல் வழியே போடுவார்கள், பீங்கானில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள், அல்லது பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க அலைவார்கள். சுற்றிப் போடுவதற்கான உறையை நாப்கின் தயாரிப்பாளரே தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. எத்தனை பாக்கெட்டில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

பல கல்லூரிகளில் எரியூட்டும் இயந்திரம் வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு, படம் எடுத்து அறிக்கையில் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சிறிய மின்பெட்டிகள் பெரும்பாலும் போதிய வெப்பத்தை எட்டுவதில்லை. நாப்கினில் பிளாஸ்டிக் இருக்கிறது, ஈரத்தை உறிஞ்சும் செயற்கைப் பொடி இருக்கிறது. 800 டிகிரிக்குக் கீழே அரைகுறையாக எரிந்தால் டையாக்சின் போன்ற நச்சுப் புகை வரும், அதுவும் பெண்கள் மூச்சு விடும் அதே அறையில். என் கருத்து: ஒவ்வொரு கழிப்பறை அறைக்குள்ளும் காலால் மிதித்துத் திறக்கும் தொட்டி, பழைய செய்தித்தாள், தினமும் ஒருமுறை அகற்றுதல், அகற்றுகிற பெண்ணுக்குக் கையுறை, அந்த வேலைக்கென்று கூடுதல் கூலி. கையுறைக்கும் கூலிக்கும் பணம் ஒதுக்காமல் நாப்கின் பெட்டி மட்டும் வைத்தால், ஒரு பெண்ணின் சுமையை இன்னொரு பெண்ணின் தலையில் ஏற்றியதாகத்தான் ஆகும். மனுவில் இதையும் எழுதுங்கள், அம்மா.

—

குறிஞ்சிப்பூ_முனைவர்பட்டம்

பொறியாளர் ஐயா சொன்னதை அப்படியே ஆதரிக்கிறேன். தண்ணீரையும் சேருங்கள். எங்கள் துறைக் கட்டடத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் வராது.

வருகைப்பதிவு பற்றி யாரும் பேசவில்லை. 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. குறைந்தால் மருத்துவச் சான்று கொடுத்து அபராதமும் கட்ட வேண்டும். 2023 ஜனவரியில் கேரளத்தின் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு ஒவ்வொரு பருவத்திலும் 2 சதவீதம் தளர்வு கொடுத்தது. மாணவர் பேரவை கேட்டு வாங்கியது அது. அதே மாதத்தில் கேரள அரசு அதைத் தன் உயர்கல்வித் துறையின் கீழுள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தது. பெண்களுக்கு 73 சதவீதம் போதும். நாமும் கேட்கலாம்.

—

வெண்ணிற மேகம்

எனக்கு இதில் தயக்கம் இருக்கிறது, அக்கா. விடுப்புக் கடிதத்தில் காரணம் எழுத வேண்டுமென்றால் அது இன்னொரு பதிவேடுதான். எங்கள் துறைத் தலைவர் வகுப்பில் எல்லோர் முன்பும் கடிதத்தைப் படிப்பார்.

—

குறிஞ்சிப்பூ_முனைவர்பட்டம்

காரணம் எழுதவே தேவையில்லை என்பதுதான் அந்த முறையின் நல்ல அம்சம், தங்கையே. யார் எந்த நாளில் வரவில்லை என்று பார்ப்பதில்லை. எல்லா மாணவிகளுக்கும் எல்லை 73 என்று ஒரேயடியாக மாற்றிவிடுகிறார்கள், அவ்வளவுதான். பெண்களுக்குச் சலுகை என்று முணுமுணுப்பவர்கள் இருப்பார்கள். சுருண்டு படுத்திருந்த நாட்களுக்கு அபராதம் கட்டியவர்கள் பெண்கள் மட்டும்தானே என்று நான் பதில் சொல்வேன்.

பதிவேடு எப்படிப்பட்ட இடத்துக்குக் கொண்டுபோகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2020 பிப்ரவரியில் குஜராத்தின் பூஜ் நகரில் ஒரு கல்லூரி விடுதியில், மாதவிடாய்க் காலத்தில் சமையலறைக்குள் வரக்கூடாது, மற்றவர்களோடு உட்காரக்கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். யாரோ மீறிவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டு, அறுபதுக்கும் மேற்பட்ட மாணவிகளின் உள்ளாடையைக் கழற்றச் சொல்லிச் சோதித்தார்கள். முதல்வர் உட்படச் சிலர் கைதானார்கள். அந்த விடுதியிலும், யாருக்கு எப்போது என்று எழுதிவைக்க ஒரு பதிவேடு இருந்ததாகச் செய்திகளில் வந்தது.

—

நெல்லிக்காய்

நீண்ட நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் எழுதுகிறேன். மருத்துவர் அக்கா, மென்ஸ்ட்ருவல் கப் (உள்ளே வைத்து உதிரத்தைப் பிடிக்கும், கழுவித் திரும்பப் பயன்படுத்தும் சிறு குவளை) வாங்கினால் மாதாமாதச் செலவே இருக்காது என்கிறார்கள். கல்யாணம் ஆகாதவர்கள் வைக்கலாமா? விடுதியில் மின்கெண்டிக்குத் தடை. எப்படிக் கொதிக்கவைப்பது?

—

மருத்துவர் கயல்

வைக்கலாம். திருமணத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கன்னிச்சவ்வு ஓரளவு நெகிழும் திசு; அதன் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும், ஓட்டத்திலும் விளையாட்டிலும்கூட மாறும், அதை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் அளக்க முடியாது. 2019-ல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் 43 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். கசிவில் கப் நாப்கினுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தது. பழக இரண்டு மூன்று சுற்றுகள் ஆகும். அதிகபட்சம் 12 மணி நேரம் வைக்கலாம், நன்றாகப் பராமரித்தால் பத்தாண்டுவரை உழைக்கும். கேரளத்தில் ஆலப்புழை நகராட்சி 2019-ல் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பார்த்திருக்கிறது.

சுற்று தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் ஐந்து முதல் பத்து நிமிடம் கொதிக்க வேண்டும். நடு நாட்களில் சுத்தமான தண்ணீரில் கழுவினால் போதும். மெஸ் அடுப்பில் தனிப் பாத்திரம் வைத்துக் கொதிக்கவைக்க அனுமதி கேட்கலாம். கிடைக்காவிட்டால் குழந்தைகளின் பால்புட்டியைச் சுத்தம் செய்யும் கிருமிநீக்கி மாத்திரை மருந்துக் கடையில் கிடைக்கும். ஆனால் கையையும் கப்பையும் கழுவத் தண்ணீர் இல்லாத கழிப்பறையில் இதைத் தொடங்காதே. துணி நாப்கினுக்கும் இதே பேச்சுதான். சோப்புப் போட்டு அலசி நல்ல வெயிலில் உலர்த்தினால் துணி பாதுகாப்பானது. விடுதிக் கொடியில் அதை வெயிலில் போட விட மாட்டார்கள், கட்டிலுக்கு அடியில் காயவைக்கிறார்கள். ஈரத்துணியால்தான் புண் வருகிறது. ஆகையால் மனு எழுதுகிறவர், மொட்டை மாடியில் பெண்கள் மட்டும் போகும் ஒரு கொடிக்கும் இடம் கேளுங்கள்.

—

காவிரிக்கரை செல்வராசு

எல்லாவற்றையும் படித்தேன். என் மகளிடம் தொலைபேசியில் கேட்டேன். முதலில் பேச்சை மாற்றினாள். பிறகு அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், அவள் விடுதியிலும் கையெழுத்துதானாம். அவள் கல்லூரியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் நான் உறுப்பினன். அடுத்த கூட்டத்தில் தொட்டிக்கும் பெட்டிக்கும் தொகை ஒதுக்க நானே பேசுகிறேன். மருதத்திணை அம்மா, உங்கள் மனுவின் வரைவை இங்கே போட்டால் எனக்கும் உதவும்.

—

மருதத்திணை

போடுகிறேன், ஐயா. நீங்கள் பேசினால் நாங்கள் பேசுவதைவிடக் காதில் விழும். அது வருத்தம்தான், ஆனாலும் பேசுங்கள்.

இப்போதைக்கு வரைவில் இருப்பவை: பதிவேடு நீக்கம். விடுதியிலும் வகுப்புக் கட்டடங்களிலும் கழிப்பறைக்குள்ளேயே திறந்த பெட்டி, இரண்டு அளவுகளில். நிரப்பும் பொறுப்பு ஒரு பணியாளரின் பணிப்பட்டியலில் எழுதப்பட வேண்டும், தன்னார்வ மாணவிகளின் தலையில் கட்டக்கூடாது. மூடியுள்ள தொட்டி, கையுறை, கூலி. மாலை ஐந்து வரை தண்ணீர். கொடி. பருவத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின் முகாமுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கடிதம். வருகைப்பதிவு பல்கலைக்கழகத்தின் அதிகாரம் என்பதால் அது தனி மனு. புதுயுகம் நாப்கின் 19 வயதுவரை உள்ள முதலாமாண்டு, இரண்டாமாண்டு மாணவிகளுக்குக் கல்லூரி வழியாகவே வர மாவட்டச் சுகாதார அலுவலருக்கு இன்னொரு கடிதம்.

—

வெண்ணிற மேகம்

அக்கா, தேர்வு அறையையும் சேருங்கள். மூன்று மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது. கண்காணிப்பாளர் ஆணாக இருந்தால் கேட்கவே முடியாது. போன பருவத்தில் என் பக்கத்து வரிசைப் பெண் கடைசி வினாவை எழுதாமலேயே தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

—

மருதத்திணை

இதை எப்படி விட்டேன் என்று தெரியவில்லை, சேர்த்துவிட்டேன். தேர்வு நாட்களில் கூடத்துக்கு மிக அருகில் உள்ள கழிப்பறையில் பெட்டி இருக்க வேண்டும், கழிப்பறைக்குப் போகக் காரணம் கேட்கக் கூடாது, ஒவ்வொரு கூடத்திலும் குறைந்தது ஒரு பெண் கண்காணிப்பாளர் இருக்க வேண்டும். இதற்குத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் சுற்றறிக்கை வேண்டும், முதல்வரின் கையெழுத்து மட்டும் போதாது. திங்கட்கிழமை அந்த அலுவலரைப் பார்க்கப் போகிறேன். உங்கள் கல்லூரியில் பருவத் தேர்வு எப்போது தொடங்குகிறது என்று சொல், அதற்கு முன்பே சுற்றறிக்கை வரும்படி கேட்கிறேன்.